கழற்றிய கெப்பாசிட்டர்கள் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய ஆசிலோஸ்கோப்புகளை, அதாவது மின் சிக்னலைத் திரையில் வரைந்து காட்டும் கருவிகளை, பழுது பார்க்கும் நம் பட்டறையைப் பற்றிக் கொஞ்ச நாளாக ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. சிலர் நேரிலேயே கேட்டுவிட்டீர்கள். "நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஸ்கோப்பைக் கொடுத்தோம், அசல் பாகங்களைப் பிடுங்கிவிட்டுப் புதுசு போட்டுத் தந்துவிட்டார்கள், கழற்றியதை விற்கிறார்கள்" என்பதுதான் அது. மனதில் பட்டதை விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

நம்மிடம் அதிகம் வருவது டெக்ட்ரானிக்ஸ் 465. 1972இல் வந்த 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப். அதன் பவர் சப்ளையில் இருக்கும் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் (மின்தேக்கிகள்) வருடக்கணக்கில் உள்ளுக்குள் காய்ந்துகொண்டே வரும். வெளியே ஒன்றும் தெரியாது, திரையில் டிரேஸும், அதாவது ஒளிக்கோடும் வரும். ஆனால் சப்ளையில் ரிப்பிள், அதாவது மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கம் ஏறியிருக்கும், நீங்கள் அளக்கும் சிக்னலோடு அதுவும் கலந்து நிற்கும். டாண்டலம் கெப்பாசிட்டர் வேறு ரகம். நேற்று வரை ஒழுங்காக இருந்துவிட்டு, இன்று சுவிட்சைப் போட்டதும் ஷார்ட் ஆகி ஒரு சப்ளையையே படுக்க வைத்துவிடும். சில பழைய ஸ்கோப்புகளில் மின்சாரம் நுழையும் இடத்தில் காகித கெப்பாசிட்டர் இருக்கும். அதன் மேலுறையில் மயிரிழை போல வெடிப்பு விழுந்து, ஈரம் உள்ளே இறங்கி, ஒருநாள் அறை முழுக்கப் புகையும் நாற்றமுமாகப் போகும். ஸ்கோப் ஓடிக்கொண்டிருந்தது என்று நீங்கள் சொல்வது உண்மைதான். மேற்கொண்டு எத்தனை நாள் ஓடும் என்பதைப் பார்ப்பதுதான் எங்கள் வேலை.

அதற்காக எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவதில்லை. கெப்பாசிட்டரின் உள் மின்தடையை அளக்கும் ஈ.எஸ்.ஆர். மீட்டரில் பார்ப்போம், ஒவ்வொரு சப்ளையின் ரிப்பிளையும் பார்ப்போம். சரியாக இருப்பதைத் தொடமாட்டோம். அந்தக் காகித கெப்பாசிட்டர் மட்டும் விதிவிலக்கு, அதை அளக்காமலே மாற்றிவிடுவோம். கழற்றியது எதுவானாலும், எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி, உறையில் போட்டு ஸ்கோப்போடு திருப்பித் தருகிறோம். கழற்றியதை விற்கிறோம் என்று சொன்னதுதான் எங்களை மிகவும் வருத்தியது. காய்ந்த கெப்பாசிட்டருக்கு ஏது விலை? மதிப்புள்ளது பிக்சர் டியூப்தான். ஸ்கோப்பை உங்களிடமிருந்து பெறும்போதே அந்த டியூப்பின் மேல் இருக்கும் எண்ணை உங்கள் ரசீதில் எழுதித் தருகிறோம். தயவுசெய்து ஒத்துப் பாருங்கள்.

அசலைக் காப்பாற்ற எவ்வளவு பாடுபடுகிறோம் என்பதற்கு டெக்ட்ரானிக்ஸின் 500 வரிசை வால்வு ஸ்கோப்புகளே சாட்சி. அவற்றில் பாகங்களைப் பீங்கான் பட்டைகளில் பற்றவைத்திருப்பார்கள். சாதாரண சால்டரை வைத்தால் பட்டையில் ஒட்டியிருக்கும் வெள்ளியை அது கரைத்துக்கொண்டு போய்விடும். வெள்ளி கலந்த சால்டர்தான் வேண்டும். பின்னாளில் பழுது பார்ப்பவருக்காக அதில் ஒரு சின்ன சுருளைத் தயாரித்தவர்களே பெட்டிக்குள் மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். இத்தனை வருடம் கழித்தும் அந்தச் சுருள் மிச்சம் இருக்கும் ஸ்கோப்பைத் திறந்தால் மனசு நிறைந்துவிடும். நாங்கள் எங்கள் சால்டரைத்தான் பயன்படுத்துகிறோம், அந்தச் சுருளைத் தொடுவதே இல்லை.

நான் தொழில் கற்றது இந்தக் கருவிகளில்தான். ஒரே ஒரு முறை வந்து போகும் பல்ஸைப் பிடிக்க அறையை இருட்டாக்கி, திரை மேல் கேமராவைப் பொருத்தி, ஷட்டரைத் திறந்து வைத்துக் காத்திருப்போம். படம் விழுந்ததா இல்லையா என்பது பிறகுதான் தெரியும். பெரும்பாலான ஸ்கோப்புகளில் கையால் திருகித் திருகிப் படத்தை நிறுத்திக்கொண்டிருந்த காலத்தில், 1947இல் வந்த டெக்ட்ரானிக்ஸ் 511, சிக்னல் வரும்போது தானே ஓடத் தொடங்கும் டிரிகர் ஸ்வீப்போடு வந்தது. அசையாத படத்தை நிதானமாக அளக்க முடிந்தது. அப்படிப்பட்ட கருவிகளின் வழியில் வந்தவற்றைப் பிரித்து விற்க எங்களுக்கு மனசு வராது.

பேச்சு காதில் விழுந்த பிறகும் ஸ்கோப்பை எங்களிடமே அனுப்பியவர்களுக்கும், தங்களுக்குத் திரும்பி வந்த உறையைக் காட்டி எங்களுக்காகப் பேசியவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. உங்களால்தான் பட்டறை நடக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் சுற்றும் எங்கள் மூத்த டெக்னீஷியன் ஓய்வு பெற்றுவிட்டதால், டிரான்ஸ்ஃபார்மர் கெட்டு, சூடானதும் படம் விரிந்து மங்கும் 545, 547 ஸ்கோப் வேலைகளை இப்போதைக்கு எடுப்பதில்லை. கூலியும் அடுத்த மாதம் முதல் சற்று ஏறுகிறது.

அப்புறம், அனுப்பும் முன் "ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று சுவிட்சைப் போடாதீர்கள். 7000 வரிசையாக இருந்தால், முன்பக்கம் செருகியிருக்கும் பெட்டிகளான பிளக்-இன்களை உருவித் தனித்தனியாகப் பொதியுங்கள். 2465பி என்றால் உள்ளே எதையும் கழற்ற வேண்டாம். அளவுத்திருத்த எண்கள் அதன் நினைவகத்தில் பேட்டரியின் தயவில் இருக்கின்றன, முதலில் அவற்றைப் படித்து வைத்துக்கொண்டுதான் மற்ற வேலையைத் தொடங்குவோம்.

அன்புடன்,
பட்டறை உரிமையாளர்