பறவை பார்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு சங்கத்தின் நேரமும் பணமும் பெரும்பாலும் பெப்ரவரியில் போன கரீபியன் பயணத்துக்கே செலவானது. மற்றவற்றை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மே மாதத்தில் கதிர்க்குருவிகள் வடக்கே திரும்பும் நாட்களில் ரொறன்ரோவின் டொமி தொம்சன் பூங்காவில் நடந்தோம். கூட்டம் நன்றாகவே வந்தது. டிசம்பர் கிறிஸ்மஸ் பறவைக் கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் குறைவு, குளிர் அப்படி. இளையோர் பிரிவு இன்னும் பேச்சளவில்தான் நிற்கிறது. சந்தா பாக்கிப் பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது. பெயர்களை இங்கே வாசிக்க வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

சரி, பயணத்துக்கு வருவோம்.

ஒரு குழு டிரினிடாட், டொபேகோவுக்கும் இன்னொரு குழு ஜமேக்காவுக்கும் போயின. பறவைக் கணக்கில் இவை இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இடங்கள். டிரினிடாட்டிலிருந்து வெனிசுவேலாக் கரை சுமார் 11 கிலோமீட்டர்தான். ஒரு காலத்தில் தென்னமெரிக்காவோடு ஒட்டியிருந்த நிலம் என்பதால் கண்டத்துப் பறவைகள் அங்கே நிறைய. டொபேகோவையும் சேர்த்தால் 400 வகைக்கு மேல். ஆனால் அந்தத் தீவுக்கு மட்டுமே உரியவை மிகச் சில. காடுகளில் அரிதாகிவிட்ட பாவி என்ற பெரிய கோழி இனம் அவற்றில் ஒன்று, அது எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஜமேக்காவோ கடல் நடுவே தனித்துக் கிடந்த தீவு. உலகில் வேறெங்கும் இல்லாத பறவைகள் அங்கே கிட்டத்தட்ட 30 வகை உண்டு.

டிரினிடாட்டில் முதலில் தங்கியது தலைநகர் போர்ட் ஒஃப் ஸ்பெயினில் ஒரு பெரிய ஹோட்டல். சென்ற பொதுக்கூட்டத்தில் பெரும்பான்மை கேட்டதும் அதைத்தான்: நீச்சல் குளம், குளிரூட்டி, கடை தெரு பக்கம். கார்னிவல் வாரத்தில் அறை வாடகை எங்கேயோ போய்விடும் என்பதால் அதைத் தவிர்த்தே திகதி குறித்தோம். ஹோட்டலில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் காலைச் சாப்பாடு ஏழு மணிக்குத்தான். பறவை ஐந்தரைக்கே எழுந்துவிடுகிறது. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் அரிமா போகும் நெடுஞ்சாலையில் வாகன நெரிசல். காட்டுக்குள் நுழையும்போது வெயில் ஏறி, பாட்டு அடங்கியிருக்கும்.

அப்புறம் வடக்கு மலைத்தொடரில், அரிமா பள்ளத்தாக்கில் ஒரு சிறிய விருந்தினர் இல்லத்துக்கு மாறினோம். பயணம் உண்மையில் அங்கேதான் தொடங்கியது. விராந்தையில் தேநீரோடு உட்கார்ந்தால் போதும். சர்க்கரைத் தண்ணீர்க் குப்பிகளைச் சுற்றி ஹம்மிங்பேர்டுகள் சண்டை போட்டன. பழத்தட்டில் ஊதாவும் பச்சையுமாகத் தேனுண்ணிகள், கீழே விழும் பழத்துக்கு அகூட்டி என்ற முயலளவுப் பிராணி. காட்டுக்குள்ளிருந்து தாடி மணிப்பறவை பட்டறையில் சம்மட்டி விழுவதுபோல் கத்திக்கொண்டே இருந்தது. முழங்கால் வலியுள்ள மூத்த உறுப்பினர்கள் ஓர் அடிகூட நடக்காமல் தங்கள் பட்டியலை நிரப்பினார்கள். குறைகளையும் பதிவு செய்ய வேண்டும்: வெந்நீர் நினைத்தபோது வரவில்லை, பல்லிகள் தாராளம், தொலைபேசிச் சிக்னல் படிக்கட்டின் ஒரு மூலையில் மட்டும். இரண்டு குடும்பங்கள் நகருக்கே திரும்பிவிடலாம் என்று சொன்னதும் உண்மை.

அதே பள்ளத்தாக்கில் இருப்பது ஆசா ரைட் இயற்கை மையம். பழைய கொக்கோ, கோப்பித் தோட்டம் ஒன்று 1967இல் இப்படி மாற்றப்பட்டது. அந்த நிலத்திலுள்ள டன்ஸ்டன் குகையில் ஆயில்பேர்ட் கூடு கட்டுகிறது. இரவில் பறந்து பழம் தின்னும் பறவை இது. இருட்டில் வௌவாலைப்போல் ஒலியெழுப்பி, எதிரொலியை வைத்து வழி கண்டுபிடிக்கும்; அந்தச் சொடுக்கொலி நம் காதுக்கே கேட்கும். கொழுத்த குஞ்சுகளைக் காய்ச்சி விளக்கு எரிக்க எண்ணெய் எடுத்த காலம் ஒன்று இருந்தது. ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட் 1799இல் வெனிசுவேலாவின் கரிபே குகையில் இதைப் பார்த்து எழுதினார். வழிகாட்டியோடுதான் உள்ளே போகவேண்டும், ஃபிளாஷ் கூடாது.

கரோனிச் சதுப்புக்கு மாலையில் படகு. கண்டல் மரங்களுக்கு நடுவே எஞ்சினை நிறுத்திக் காத்திருந்தால், சூரியன் சாயும் நேரம் சிவப்பு அரிவாள்மூக்கன்கள் கூட்டம் கூட்டமாக வந்து ஒரே தீவுத்திட்டில் இறங்குகின்றன. தின்னும் நண்டு, இறாலிலிருந்து வரும் நிறம் அது. குஞ்சுகள் பழுப்பாகவே இருக்கும். டிரினிடாட்டின் தேசியப் பறவை என்றாலும் கறிக்காகக் களவாக வேட்டையாடியவர்கள் உண்டு. 2018இல் தண்டத்தை 1,00,000 டிரினிடாட் டொலராக உயர்த்திச் சிறைத் தண்டனையும் சேர்த்தார்கள்.

சாப்பாட்டுக்கு யாரும் சிரமப்படவில்லை. 1845இலிருந்து 1917வரை இந்தியக் கூலிகளைக் கப்பலில் ஏற்றிவந்த தீவு இது. பெரும்பான்மை கல்கத்தா வழி, ஒரு பங்கு சென்னை வழி. டபிள்ஸ் என்ற கடலைக்கறித் தின்பண்டத்தைத் தெருவோரம் நின்று சாப்பிட்டோம். பயணத்தின் சிறந்த காலைச் சாப்பாடு அதுதான், ஹோட்டலுடையது அல்ல.

டொபேகோவில் ஸ்பேசைட் கிராமத்தில் தங்கினோம். அலாரம் தேவையில்லை, கொக்ரிகோ என்ற காட்டுக்கோழி விடியுமுன் கூரைக்கு மேல் கத்தி எழுப்பிவிடும். தோட்டக்காரர்களுக்கு அது பெரிய தொல்லை, தீவுக்கோ அதுவே தேசியப் பறவை. மெயின் ரிட்ஜ் காட்டைச் சட்டம் போட்டுக் காத்தது 1776இல். மலையில் மரம் இருந்தால்தான் மழை வரும் என்ற கணக்கில் செய்தது. 1963 ஃபுளோரா சூறாவளியில் காடு விழுந்தபோது வெண்வால் சேபர்விங் ஹம்மிங்பேர்ட் அழிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். பிறகு திரும்பவும் தென்பட்டது; கில்பின் பாதையில் நாங்களும் பார்த்தோம்.

ஜமேக்காக் குழு மொன்டேகோ பே கடற்கரையில் எல்லாம் அடங்கிய ரிசோர்ட் ஒன்றில் தங்கியது. ஓய்வு நன்றாகக் கிடைத்தது, பறவை பெலிக்கனோடு நின்றது. ராக்லண்ட்ஸ் சரணாலயத்துக்குப் போனபிறகுதான் டொக்டர் பேர்ட் என்ற நீள்வால் ஹம்மிங்பேர்ட் விரலில் வந்து உட்கார்ந்து குடித்தது. ப்ளூ மவுண்டனில் கோப்பித் தோட்டத்துக்கு மேலே கருந்தொண்டை நீலக் கதிர்க்குருவி. மே மாதத்தில் நம் பூங்காவில் பார்க்கும் அதே இனம். பனிக்காலத்தில் அங்கே கோப்பிப் பழத்தைத் துளைக்கும் வண்டைத் தின்கிறது. நிழல்மரம் உள்ள தோட்டத்தில் விளைந்த கோப்பியை இனிக் கூட்டங்களுக்கு வாங்கலாம் என்று ஒருவர் பிரேரித்தார். விலையைக் கேட்டுப் பொருளாளர் தயங்குகிறார்.

அடுத்த பயணத்துக்குச் செயற்குழு முன்வைப்பது செயின்ட் லூசியா. 1970களில் 100 அளவுக்குச் சுருங்கிப்போய், ஊர்மக்களே முன்னின்று மீட்டெடுத்த கிளி அங்கே இருக்கிறது. ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம், ஆகவே மீண்டும் பெப்ரவரி அல்லது மார்ச். தங்குவது காட்டருகே சிறு விடுதிகளில் மட்டும், உள்ளூர் வழிகாட்டியோடு என்பது என் பரிந்துரை. நீச்சல் குளம் வேண்டுவோர் கடைசி இரண்டு இரவை, சொந்தச் செலவில், கடற்கரையில் கழிக்கலாம். இன்றைய கூட்டத்தில் இது வாக்கெடுப்புக்கு வரும். முற்பணத்தை ஒக்டோபர் முடிவதற்குள் பொருளாளரிடம் கட்டவேண்டும். அதற்குப் பின் வருவோருக்கு அறை உறுதி சொல்ல முடியாது.

இப்படிக்கு,
செயலாளர்