எச்டிஆர் மானிட்டர் பெட்டியில் நிட் அளவை அச்சிடட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், ‘எச்டிஆர்’ (ஹை டைனமிக் ரேஞ்ச், அதாவது இருளுக்கும் ஒளிக்கும் இடையே விரிந்த வீச்சைக் காட்டும் முறை) முத்திரையுடன் கடைகளில் விற்கப்படும் கணினித் திரைகளைப் பற்றி எழுதுகிறேன். 2020-இல் வந்த ஐபோன் 12 முதல் கைபேசியே டால்பி விஷன் என்ற எச்டிஆர் வகையில் படம் பிடிக்கத் தொடங்கிவிட்டதால், மண்டபத்தில் உறவினர்கள் எடுத்த துண்டுக் காட்சிகளும் எங்கள் கேமரா காட்சிகளுடன் சேர்ந்தே எடிட்டிங் மேசைக்கு வருகின்றன. அவற்றை உள்ளபடி பார்த்துத் திருத்த உதவும் திரை எது என்பது வாங்குபவருக்குத் தெரிவதில்லை, விற்பவரும் சொல்வதில்லை.

வழக்கமான காணொளியில் வெள்ளையின் உச்சம் 100 நிட் (திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு) என்று வைத்துக்கொண்டுதான் இத்தனை ஆண்டுகளும் நிறம் திருத்தி வந்தோம். எச்டிஆருக்கென 2014-இல் தரப்படுத்தப்பட்ட ‘பிக்யூ’ என்ற ஒளிர்வுக் குறியீட்டு முறையோ 10,000 நிட் வரை இடம் தருகிறது. நடைமுறையில் 1,000 நிட்டை உச்சமாகக் கொண்டு திருத்துவோரே மிகுதி. சாதாரண வெள்ளைப் பரப்புக்கு சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் (ஐடியு) பரிந்துரைக்கும் அளவு 203 நிட். அதாவது, மாப்பிள்ளையின் வெள்ளைப் பட்டு வேட்டி 200 நிட்டை ஒட்டி நிற்க, குத்துவிளக்கின் சுடரும் மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டிக் கல்லில் தெறிக்கும் ஒளியும் அதற்கு மேலே பல நூறு நிட்டுகளில் தனித்து மின்ன வேண்டும். எச்டிஆர் என்பதன் பயனெல்லாம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

கடையில் கிடைப்பதோ வேறு. திரைகளுக்குத் தரம் வகுக்கும் வெசா அமைப்பு 2017 டிசம்பரில் அறிவித்த டிஸ்ப்ளே எச்டிஆர் தர வரிசையில் ‘400’ என்ற படிக்கு உச்ச ஒளிர்வு 400 நிட் இருந்தால் போதும். பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் லோக்கல் டிம்மிங் வசதி கட்டாயமில்லை. அந்தச் சான்றும் இல்லாமல் ‘எச்டிஆர்10 சப்போர்ட்’ என்று மட்டும் அச்சிட்ட திரைகளும் ஏராளம். அவை எச்டிஆர் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். சுடருக்குள் மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கும் நுணுக்கம் அத்திரையில் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். அதை நம்பி எடிட்டர் காட்சி முழுவதன் ஒளிர்வையும் குறைத்துவிட்டால், வீட்டிலுள்ள நல்ல தொலைக்காட்சியில் தாலி கட்டும் நேரமே அந்தி நேரம் போலத் தெரியும்.

பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரைகளின் சிக்கல் இதற்கு நேர்மாறானது. கறுப்புப் பின்னணியில் ஒரு சுடரை அவை அற்புதமாகக் காட்டும். ஆனால் வரவேற்பு மேடையின் வெள்ளை அலங்காரம் திரையை நிறைத்தவுடன், மின்சாரத்தையும் சூட்டையும் கட்டுப்படுத்துவதற்காகத் திரை தானே ஒளிர்வைக் குறைத்துக்கொள்ளும். படம் இருண்டதா, திரை இருண்டதா என்று கண்ணால் மட்டும் சொல்ல முடியாது. படத்தின் ஒளிர்வை நிட் அளவில் வரைபடமாகக் காட்டும் வேவ்ஃபார்ம் ஸ்கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டால்தான் தெரியும்.

திரை நன்றாக இருந்தாலும் இயங்குதளம் குறுக்கே நிற்கிறது. விண்டோஸில் டிஸ்ப்ளே அமைப்புக்குள் சென்று ‘யூஸ் எச்டிஆர்’ என்பதை இயக்க வேண்டும். எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் புரோவில் டிஸ்ப்ளே கலர் மேனேஜ்மெண்டையும் எக்ஸ்டெண்டட் டைனமிக் ரேஞ்ச் மானிட்டரிங்கையும் தனியே இயக்க வேண்டும். நிற மேலாண்மை ஏதுமின்றி பிக்யூ காட்சி சாதாரணத் திரைக்கு வந்தால் சாம்பல் பூத்தது போல வெளிறித் தெரியும். புதியவர்கள் அதைக் கேமராவின் குறை என்று எண்ணி கான்ட்ராஸ்ட்டை ஏற்றுகிறார்கள்; எக்ஸ்போர்ட் செய்த கோப்பில் நிழல்கள் விவரமின்றிக் கறுப்பாய் அடைத்துக்கொள்கின்றன. 2021-இல் வந்த 14, 16 அங்குல மேக்புக் புரோ திரை 1,000 நிட்டைத் தொடர்ந்து தரக்கூடியது என்பதோடு, எச்டிஆர் வீடியோவுக்கென்றே தரநிலைப்படி திரையை அமைக்கும் ஒரு ரெஃபரன்ஸ் முறையும் அதில் உண்டு. அதன் விலை எல்லோருக்கும் எட்டாது என்பது வேறு விஷயம். இயங்குதளத்தைத் தாண்டி கணினியில் பொருத்தும் டெக்லிங்க் போன்ற வீடியோ கார்டு வழியாகத் தனி ரெஃபரன்ஸ் மானிட்டருக்குச் சமிக்ஞை அனுப்பும் முறை இன்னும் நம்பகமானது. ஆனால் அந்த மானிட்டர்களின் விலை பல லட்சம் ரூபாய்.

எனவே, விற்பனையாளர்கள் பெட்டியின் மேலேயே சில விவரங்களை அச்சிட வேண்டும்: திரை முழுதும் வெள்ளையாக இருக்கும்போது நீடிக்கும் ஒளிர்வு எத்தனை நிட், சிறு பகுதியில் எட்டும் உச்சம் எத்தனை நிட், லோக்கல் டிம்மிங் இருந்தால் எத்தனை பகுதிகள், பேனல் உண்மையிலேயே நிறப் படிகளை நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும் 10 பிட்டா அல்லது 8 பிட்டை வைத்துச் சமாளிப்பதா. தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் மானிட்டர்களை அறிமுகப்படுத்தும்போதும், ‘எச்டிஆர் உண்டு’ என்ற ஒரு வரியோடு நிறுத்தாமல் இந்த எண்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காணொளித் தொகுப்பாளர் ஒருவர்,
மதுரை.