அம்முவுக்கு, டபுள் பேஸ் வாங்குவது பற்றி

அன்பு அம்முவுக்கு,

எலக்ட்ரிக் பேஸிலிருந்து டபுள் பேஸுக்கு, அதான் நின்று வாசிக்கிற அந்தப் பெரிய வயலின் மாதிரிக் கருவிக்கு, மாற நீ அனுப்பிய மூன்று விற்பனை விளம்பரங்களையும் பார்த்தேன். உன் மனசு இரண்டாவதில் இருக்கிறது என்று புரிகிறது. நூறு வருஷப் பழசு, முழுக்கச் செதுக்கிய மரம், கழுத்தின் உச்சியில் ஸ்க்ரோல் என்ற சுருள் இருக்க வேண்டிய இடத்தில் சிங்கத்தலை வேறு. அதை விட்டுவிடு. வார்னிஷ் உரிந்து பார்க்கச் சுமாராக இருக்கிற முதலாவதை, அந்த 1,400 யூரோ பிளைவுட் பேஸை, நேரில் போய்ப் பார்.

சிங்கத்தலையின் ஐந்தாவது படத்தைப் பெரிதாக்கு. கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜின் வலது காலை, அதாவது மெல்லிய ஜி கம்பிப் பக்கத்துக் காலை ஒட்டி ஒரு கீறல் கீழ்நோக்கி ஓடுகிறது. விற்பவர் அதைப் பழைய சின்னக் கீறல் என்று எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் காலுக்குச் சற்றுக் கீழேதான் உள்ளே மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே சவுண்ட் போஸ்ட் என்ற குச்சி நிற்கிறது. நான்கு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் இழுக்கும். அதில் ஒரு பங்கு பிரிட்ஜ் வழியாக மேல்பலகையை அழுத்துகிறது, போஸ்ட் அதை உள்ளிருந்து முட்டுக்கொடுத்துத் தாங்குகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே சிக்கிய கீறல் அப்படியே நிற்காது, நீண்டுகொண்டே போகும். சரிசெய்ய மேல்பலகையையே கழற்றி, உள்பக்கம் குழித்துப் புது மரத்துண்டு பதிக்க வேண்டும். பேஸின் விலையில் பாதி அந்த வேலைக்கே போகலாம். இதே கீறல் ஓரத்தில், மேல்பலகையின் எஃப் வடிவ ஓட்டைக்கு வெளியே இருந்தால் நான் இவ்வளவு பயப்படமாட்டேன். தடித்த இ கம்பிப் பக்கம், உள்ளே பேஸ் பார் என்ற நீளக் கட்டை ஓடுகிற கோட்டில் இருந்தால் பயப்படுவேன். பின்பலகையில் போஸ்டின் கால் படுகிற இடத்தில் இருந்தால் இன்னும் அதிகமாக.

பிளைவுட்டில் இந்தத் தொல்லை அநேகமாகக் கிடையாது. அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் நார் வழியே பிளக்காது. மட்டமான பொருள் என்றும் நினைக்காதே. சிகாகோவின் கே கம்பெனி 1937-லிருந்து செய்த பிளைவுட் பேஸ்களை ஜாஸ், ப்ளூகிராஸ் வாசிக்கிறவர்கள் இன்றைக்கும் தேடி வாங்குகிறார்கள். வில்லை விட விரலால் அதிகம் வாசிக்கப் போகிற உனக்கு இது போதும். இதற்கும் ஒரு நோய் உண்டு: அடுக்கு விட்டுப்போவது. விரல் முட்டியால் பலகை முழுக்கத் தட்டிக்கொண்டே வா. ஓரிடத்தில் மட்டும் காகிதம் படபடக்கிற மாதிரி கேட்டால் அங்கே அடுக்கு பிரிந்திருக்கிறது. அதைச் சரிசெய்வது கஷ்டம்.

தட்டும்போது ஓரங்களையும் விடாதே. பலகையும் பக்கச்சட்டமும் சேரும் இடத்தில் கடகடத்தால் ஒட்டு விட்டிருக்கிறது. இதற்காகப் பேஸை ஒதுக்க வேண்டாம். வச்சிரத்தால் ஒட்டுவதே மரம் சுருங்கும்போது பலகை பிளக்காமல் ஒட்டு விடட்டும் என்றுதான். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட அறையில் இருந்த பேஸுக்கு இது சகஜம், திரும்ப ஒட்டுவது சின்ன வேலை. முன்னால் யாரோ அந்த இடத்தில் எபாக்சியோ வெள்ளைப் பசையோ வைத்து இழுகியிருந்தால்தான் யோசிக்க வேண்டும். அடுத்த முறை ஒட்டு விடாது, மரமே கிழியும்.

பிளைவுட்டா திடமரமா என்பதை எஃப் ஓட்டையின் விளிம்பில் டார்ச் அடித்துப் பார். அடுக்குகள் கோடு கோடாகத் தெரிந்தால் பிளைவுட். மேலே ஓடுகிற நார்க்கோடு விளிம்பிலும் அப்படியே இறங்கினால் திடமரம். உள்ளே ஒட்டிய லேபிளை மட்டும் நம்பாதே, அதை யாரும் எப்போதும் ஒட்டலாம். நீ ஜெர்மனியில் லைப்சிக்கில் இருப்பது ஒரு வசதி. தெற்கே செக் எல்லையோரம் மார்க்நொய்கிர்ஷன், எல்லைக்கு அந்தப் பக்கம் லூபி, இரண்டும் தலைமுறை தலைமுறையாக வயலின் குடும்பக் கருவிகள் செய்கிற ஊர்கள். அந்தப் பக்கத்துப் பேஸ்கள் பல லேபிளே இல்லாமல் கைமாறும். லேபிள் இல்லை என்பதற்காக விலை குறைந்தால் உனக்கு லாபம்.

இனி நெக், அதாவது கழுத்து. உனக்குப் புதுசாக இருக்கப் போவது இதுதான், அதனால் நிதானமாகப் படி. எலக்ட்ரிக் பேஸில் நெக் வளைந்தால் அதற்குள் இருக்கும் ட்ரஸ் ராடு என்ற உலோகத் தண்டைத் திருகுவாய், கம்பி உயர்ந்தால் பிரிட்ஜ் ஸ்க்ரூவைத் திருகுவாய். டபுள் பேஸில் ட்ரஸ் ராடு கிடையாது. கம்பியை விரல் அழுத்துகிற பலகையான ஃபிங்கர்போர்டில் இருக்க வேண்டிய மெல்லிய குழிவு இழைப்புளியால் சீவி எடுத்தது. சீவச் சீவப் பலகை மெலியும். ஆகவே முதலில் அதன் பக்கவாட்டுத் தடிமனை அளந்துகொள். 10 மில்லிமீட்டர் பக்கம் இருந்தால் இன்னும் பல முறை சீவலாம். 6-க்குக் கீழே என்றால் அடுத்த முறை புதுப் பலகைதான், அதற்குப் பல நூறு யூரோ ஆகும். கருங்காலியா என்றும் பார். கறுப்புச் சாயம் பூசிய மேப்பிளாக இருந்தால், பலகை முடியும் இடத்தின் அடிப்பக்கத்தில் வெளிறிய மரம் தெரியும். ஈரத் துணியால் துடைத்தால் கறுப்பு ஒட்டும்.

அடுத்து கம்பியின் உயரம். ஃபிங்கர்போர்டு முடிகிற இடத்தில் ஸ்கேல் வைத்து அள. விரலால் வாசிக்க ஜி கம்பி 6, இ கம்பி 9 மில்லிமீட்டர் வாக்கில் இருந்தால் வசதி. எலக்ட்ரிக் பழக்கத்தில் இது உனக்கு மலை மாதிரி தோன்றும், 3-க்கு இறக்கச் சொல்லாதே. கம்பி அதிர இடமில்லாமல் சத்தம் சுருங்கிவிடும். அளந்த கையோடு பிரிட்ஜ் கால்களில் உயரத் திருகு இருக்கிறதா, அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார். முழுக்க இறக்கியும் ஜி கம்பி 10, 12 என்று நின்றால் நெக் முன்னால் சாய்ந்திருக்கிறது. சில பேர் இதை மறைக்கப் பிரிட்ஜையே குட்டையாக வெட்டிவிடுவார்கள், அப்போது கம்பி உயரம் சரியாக இருப்பது போலத் தெரியும். அதனால் பிரிட்ஜின் உயரத்தையும் அள. 16 சென்டிமீட்டர் பக்கம் இருந்தால் நிம்மதி. 13 என்றால் நெக்கைக் கழற்றிக் கோணம் மாற்றி ஒட்ட வேண்டிய நாள் தூரத்தில் இல்லை.

நெக்கின் அடிப்பகுதி உடம்போடு சேருமிடத்தில், கம்பிகள் முழு இழுவையில் இருக்கும்போது, விசிட்டிங் கார்டின் முனை உள்ளே நுழைகிறதா என்று பார். நுழைந்தால் மூட்டு விட்டிருக்கிறது. நெக்கின் பின்புறம் குறுக்கே ஒரு கோடு தெரிந்தால் எப்போதோ உடைந்து ஒட்டியது. நல்ல கையால் ஒட்டியிருந்தால் பல வருஷம் தாங்கும், ஆனால் விலை இறங்கியே ஆக வேண்டும்.

அளவு விஷயம். கடையில் முக்கால் சைஸ் என்பதுதான் பெரியவர்கள் வாசிக்கிற சாதாரண அளவு, பெயரைப் பார்த்துக் குழந்தைகளுக்கானது என்று நினைக்காதே. கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் படிகிற சின்னக் கட்டையான நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை டேப் பிடி. 104 முதல் 106 சென்டிமீட்டருக்குள் இருந்தால் எடு, 108-க்கு மேல் வேண்டாம். உன் எலக்ட்ரிக்கில் இது 86. நட்டை ஒட்டிய முதல் அரைச்சுரம் அங்கே 4.8 சென்டிமீட்டர், இங்கே 5.9. அதனால்தான் நட்டுக்குப் பக்கத்தில், கீழ்ப் பொசிஷனில், ஒரு விரலுக்கு ஒரு ஃப்ரெட் (எலக்ட்ரிக் கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகக் கோடு) என்ற கணக்கு இங்கே செல்லாது. ஒன்று, இரண்டு, நான்கு என்று வைத்து, மூன்றாவது விரல் நான்காவதுக்குத் துணையாக நிற்கும். கட்டை விரலை நெக் உடம்போடு சேரும் வளைவில் முட்டவிட்டு, ஆள்காட்டி விரலை ஜி கம்பியில் இயல்பாக வை. டி சுரம் வந்தால் நல்லது, இ ஃபிளாட் வந்தாலும் குற்றமில்லை. இரண்டுக்கும் நடுவே வந்தால் பிரிட்ஜ் இடம் மாறியிருக்கிறதா என்று எஃப் ஓட்டையின் உள்வெட்டோடு ஒப்பிட்டுப் பார்.

வாசித்துப் பார்க்கும்போது ஆம்ப் வேண்டாம். விற்பவர் ஒலியை ஆம்புக்கு அனுப்பும் பிக்கப்பை மாட்டிக் காட்டினால் நன்றி சொல்லிக் கழற்றிவிடு. நான்கு கம்பியிலும் அரைச்சுரம் அரைச்சுரமாக ஏறி, எங்கே கரகரக்கிறது என்று குறித்துக்கொள். பிறகு அவரை வாசிக்கச் சொல்லி மூன்று மீட்டர் தள்ளி நின்று கேள். உடம்பில் சாய்த்து வாசிக்கிறவருக்குக் கேட்பது வேறு, எதிரில் கேட்பது வேறு. ஏதாவது ஒரு சுரத்தில் ஒலி திக்கினால் கவலைப்படாதே, சில பேஸ்களுக்கு அது உண்டு. அடியில் தரையில் ஊன்றும் எண்ட்பின்னை இறுக்கி, உன் எடையைக் கொஞ்சம் சாய்த்து, வழுக்குகிறதா என்று பார்.

மூன்றாவது விளம்பரம், அந்த 750 யூரோ புதுசு. அந்த விலைக்கு வருகிறவற்றில் பெரும்பாலும் நட் உயரமாக இருக்கும், பிரிட்ஜ் கால் பலகையோடு பொருந்தாது, போஸ்ட் ஏனோதானோ என்று நிற்கும். இதையெல்லாம் சரிசெய்து நல்ல கம்பியும் போட்டால் செலவு முதலாவதின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும், கையில் இருப்பது அப்போதும் மட்டமான பலகைதான்.

பணத்தைப் பிரித்து வைத்துக்கொள். உன்னிடம் 2,000 இருந்தால் பேஸுக்கு 1,400 தாண்டாதே. மீதி, ஃபிங்கர்போர்டு சீவ, பிரிட்ஜ் பொருத்த, கம்பிக்கு. கம்பி செட் மட்டும் 150 முதல் 250 வரை போகும். ஸ்பைரோகோர் என்ற எஃகுக் கம்பி போட்டிருந்தால் பழசானாலும் கழற்றாதே, விரலுக்கு அது வருஷக்கணக்கில் உழைக்கும். வில்லில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். வில் வேண்டாம் என்று நீ சொல்வாய். சாதாரண ஃபைபர் வில் ஒன்றாவது வாங்கு, ஃப்ரெட் இல்லாத இடத்தில் சுரம் தப்புவதை வில் போலக் காட்டிக்கொடுப்பது எதுவுமில்லை. அங்கே வில்லைக் கீழிருந்து பிடிக்கிற ஜெர்மன் பிடிதான் வழக்கம், சொல்லிக்கொடுப்பவர் எதைப் பிடிக்கிறாரோ அதையே வாங்கு.

தனியார் பெரும்பாலும் உத்தரவாதம் இல்லை என்று எழுதித்தான் விற்பார்கள். அதனால் பணம் கொடுக்கும் முன் பேஸ் வேலை தெரிந்த ஒருவரிடம் காட்ட விற்பவர் சம்மதிக்கிறாரா என்று கேள். மறுத்தால் வீடு திரும்பு. எதுவும் தேறாவிட்டால் கருவி செய்பவர்களிடம் மாத வாடகைக்கு எடு. சிலர் வாடகையில் ஒரு பங்கை விலையில் கழித்துக்கொள்வார்கள்.

கொண்டுவரும்போது காரில் பக்கவாட்டில் படுக்க வை, பிரிட்ஜ் மேல் எதுவும் சாயக் கூடாது. கம்பிகளை ஒரேயடியாகத் தளர்த்தாதே, போஸ்ட் விழுந்துவிடும். உள்ளே எதுவோ உருளும் சத்தம் கேட்டால் அது விழுந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது மட்டும் நான்கு கம்பியையும் உடனே தளர்த்திப் படுக்க வைத்துவிடு, இல்லாவிட்டால் மேல்பலகை அமுங்கும். அறையில் ஈரப்பத மானி ஒன்று வை. 45 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் ஈரமூட்டி போடு, ரேடியேட்டர் பக்கம் நிறுத்தாதே.

போகும்போது டார்ச், டேப், மில்லிமீட்டர் ஸ்கேல், விசிட்டிங் கார்டு, எஃப் ஓட்டைக்குள் நுழைகிற சின்னக் கண்ணாடி எடுத்துக்கொள். பிரிட்ஜைப் பக்கவாட்டில் ஸ்கேலோடு ஒரு படம், நெக் மூட்டு ஒரு படம், ஃபிங்கர்போர்டை நட் பக்கத்திலிருந்து நீளவாக்கில் ஒரு படம். அவர் வீட்டிலிருந்தே அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிற வரைக்கும் விலை பேசாதே.

அன்புடன்,
அப்பா