அடுப்பை எடுக்க வைத்த கதை: மெல்போர்ன் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ ராத்திரி அனுப்பின வாய்ஸ் மெசேஜைக் காட்பாடி பஸ்ஸில் உட்கார்ந்து இரண்டு தடவை கேட்டேன். உன் பொறுப்பில் இருக்கிற, எண்பதைத் தாண்டிய ஒரு அம்மா, இரண்டு தடவை விழுந்தவர், குளிப்பாட்ட வரும் ஆளை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தில் தோட்ட வேலைக்கு ஆள் கேட்கிறார். அவர் மகள் போன் போட்டு அம்மா பேச்சைக் கேட்காதீர்கள் என்கிறார். அவருடைய பராமரிப்பைப் பார்த்துக்கொள்ளும் கேஸ் மேனேஜர் நீ நடுவில். இதே குழப்பம் இங்கேயும் பலருக்கு இருப்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன், ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான்.

அங்கே ஆஸ்திரேலியாவில் முதியவர்களை வீட்டிலேயே பராமரிக்க அரசு பணம் தரும் வீட்டுப் பராமரிப்பு பேக்கேஜ் எல்லாமே 2015 ஜூலையில் பயனாளி சொல்படி என்று ஆனதையும், 2017 பிப்ரவரியிலிருந்து அவர் எந்த ஏஜென்சிக்கு மாறினாலும் பணம் அவரோடேயே போவதையும் நீதான் எனக்கு விளக்கினாய். 2025 நவம்பரில் முதியோர் பராமரிப்புச் சட்டமும் புதுசாகிவிட்டது. சரி, ஆனால் நீயும் நானும் இந்த வேலூர்ப் பக்கத்து கிராமங்களில் முதியோரைக் கவனிக்கும் வேலையில் மற்றவர்களுக்காக முடிவெடுத்தே பழகியவர்கள். அதனால் நீ வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கே.வி.குப்பம் பக்கம் ஒரு பாட்டி. பக்கவாதத்தில் இடது கை விழுந்துபோச்சு, மகன் பெங்களூரில். விறகடுப்பில் கேழ்வரகுக் களியைத் தானே கிண்டித்தான் சாப்பிடுவேன் என்பார். பானையை இறக்கி, பழந்துணி சுற்றி, இரண்டு பாதத்துக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டு, முந்தானையைப் பல்லில் கடித்தபடி வலது கையால் துடுப்பை அழுத்தி அழுத்திக் கிண்டுவார். மகன் போனில் கத்தினார், அம்மா தீயில் விழுந்தால் நீங்கள்தான் பொறுப்பு என்று. நான் அடுப்பையே எடுக்க வைத்து, பக்கத்து வீட்டிலிருந்து சோறு வர ஏற்பாடு செய்து, ரிப்போர்ட்டில் 'ஆபத்து நீக்கப்பட்டது' என்று எழுதினேன்.

அடுத்த மாதம் போனால் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். தட்டில் சோறு காய்ந்து கிடக்கிறது. "என் வூட்ல எனக்கு இன்னாம்மா வேலை?" என்றார். மகன் என் மேல் புகார் கொடுத்துவிடுவாரோ என்ற பயத்தில்தான் அடுப்பை எடுத்தேன் தங்கச்சி. பாட்டியின் பாதுகாப்பு என்பது அப்புறம் தேடிக்கொண்ட காரணம்.

நிஜமான ஆபத்தும் இருந்தது, ஓலைக் கூரை, ஒட்டினாற்போல் அடுத்த வீடு. அதைப் பாட்டியிடம் சொல்லி அடுப்பை வெட்டவெளிக்கு நகர்த்தியிருக்கலாம், நைலக்ஸுக்குப் பதில் பருத்திப் புடவை கட்டச் சொல்லியிருக்கலாம், கிண்டி முடிக்கும் வரை பக்கத்து வீட்டு மருமகளை உட்கார வைத்திருக்கலாம். ஒன்றுமே கேட்கவில்லை நான்.

நீ கேள். மகள் இல்லாத நேரத்தில் போ. ஏன் வேண்டாம் என்கிறார்? வாரத்துக்கு ஒரு புது ஆள் வந்து உடம்பைப் பார்ப்பது கூசுகிறதா? மறுபடி விழுந்தால் என்ன ஆகும் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல், சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி வை. நம்முடைய 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு: சிகிச்சை பற்றி ஒருவர் எடுக்கும் முடிவு மற்றவர்களுக்குத் தப்பாகப் படுகிறது என்பதாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று ஆகிவிடாது. மனநோய்க்கே அப்படியென்றால் குளிப்பதற்கு? கைப்பிடி, குளியல் நாற்காலி போட்டு நாலு வாரம் பார்க்கலாம் என்று தேதி குறித்துக்கொள். குளிப்பாட்டுபவர் உங்கள் ஏஜென்சி ஆள், தோட்டக்காரர் வெளியாள் என்றாயே, நிறுத்த வேண்டாம் என்று நீ சொல்லும்போது ஏஜென்சி வருமானமும் கூடவே பேசுகிறதா என்றும் பார்த்துக்கொள்.

தனியாகக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பேரன் பக்கத்தில் நிற்கையில் "நானேதான் பென்ஷனைக் கொடுக்கிறேன்" என்ற ஒரு அம்மா, மறுநாள் குழாயடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தச் சம்மதம் சம்மதமே இல்லை.

அப்புறம், அவர் விருப்பம் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் கூடாது. குளிப்பாட்டப் பெண்தான் வேண்டும் என்றால் அது அவர் மானம், கொடுத்தே ஆக வேண்டும். அந்தத் தெருக்காரி என் பானையைத் தொடக்கூடாது என்று ஒரு பெரியவர் சொன்னபோது நான் வேறு ஆளை அனுப்பவில்லை. வேலைக்கு வருகிற பெண்ணும் மனுஷிதான். உங்கள் ஊரில் நிறத்தைச் சொல்லி யாராவது ஆள் மாற்றக் கேட்டாலும் என் பதில் இதுதான்.

அந்த அம்மா தோட்டத்தில் என்ன வைக்க ஆசைப்படுகிறார் என்று நீ சொல்லவே இல்லையே. கேட்டுவிட்டு எழுது.

அன்புடன்,
அக்கா, வேலூர்