நின்றுபோகும் ரயிலுக்கும் ஏற்பாடு தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

ரயில் ஓடுவதற்குச் செய்யும் ஏற்பாட்டில் கால்வாசிகூட, அது நடுவழியில் நின்றுபோனால் என்ன செய்வது என்பதற்குச் செய்யப்படுவதில்லை. 2009 டிசம்பரில், இங்கிலாந்தையும் பிரான்ஸையும் கடலுக்கடியில் இணைக்கும் ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கப்பாதையில் 5 யூரோஸ்டார் அதிவேகப் பயணிகள் ரயில்கள் பழுதாகி நின்றன. பனியில் வந்த ரயில்கள் சுரங்க வெப்பத்துக்குள் நுழைந்ததும் மின்கருவிகளில் ஈரம் கோத்துக்கொண்டதே காரணம். 2,000க்கும் மேற்பட்ட பயணிகள் மணிக்கணக்கில் தவித்தனர்.

மேல்கம்பியில் மின்சாரம் நின்றால் பேட்டரி விளக்கைச் சிறிது நேரம் தாங்கும், குளிர்சாதனத்தைத் தாங்காது. திறக்கவே முடியாத கண்ணாடி ஜன்னல்களுக்குள் புழுக்கம் ஏறும். கழிவறையும் மின்சாரத்தை நம்பி இருந்தால் கேட்கவே வேண்டாம். பெட்டிக்கு இரண்டு ஜன்னலாவது ஊழியரின் சாவிக்குத் திறக்கும்படி இருக்கட்டும். குடிநீரும் கைவிளக்கும் ரயிலிலேயே இருக்கட்டும். மீட்பு என்ஜினின் இணைப்பு பொருந்துமா என்பதைப் பணிமனையிலேயே பார்த்துவிட வேண்டும்.

இவற்றைவிட அவசரம், அறிவிப்பு. “விரைவில் புறப்படும்” என்ற பல்லவியையே கேட்டுப் பொறுமை இழப்பவர்கள் தண்டவாளத்தில் இறங்கிவிடுகிறார்கள். உடனே பக்கத்துப் பாதையிலும் ரயிலை நிறுத்த வேண்டி வருகிறது. தாமதம் இன்னும் நீள்கிறது. காரணம் தெரியாவிட்டாலும் அடுத்த தகவல் எத்தனை மணிக்கு என்றாவது ஊழியர் சொல்லலாமே. அதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

இப்படிக்கு,
ரயில் பயணி ஒருவர்