அப்பாவிடமே கேட்ட தம்பிக்கு

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்று இரவு நடந்தது இதைப் படிக்கும் பாதிப் பேருக்குத் தெரியும்; கூடவே நின்றவர்கள் நீங்கள். அப்பா இப்போது வீட்டில் இருக்கிறார். தேநீரில் சீனி போதவில்லை என்று குறைபட்டுக்கொள்கிறார். அதைக் கேட்பதே எங்களுக்கு நிம்மதியாக இருக்கிறது.

995ஐ அழைத்ததும் வந்த ஆம்புலன்ஸ் குழுவினர், தூக்கத்திலிருந்து எழுந்து வந்து அடைபட்ட ரத்தக்குழாயைத் திறந்து ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைத்த மருத்துவர்கள், வார்டுத் தாதியர், பிள்ளைகளைத் தன் வீட்டில் படுக்கவைத்த எதிர்வீட்டு மக்சிக் (மலாய் அம்மா), ஒரு வாரம் உப்பில்லாமல் சமைத்து அனுப்பிய சித்தி, எல்லோருக்கும் நன்றி. “அது சின்ன மருத்துவமனை, ஊட்ரத்தில் இருக்கிற பெரிய மருத்துவமனைக்கே போயிருக்கலாமே” என்று பதறிய சொந்தங்களுக்கும்தான். அக்கறையில் கேட்டீர்கள், புரிகிறது.

மிச்சத்தை, மருத்துவமனையில் தாதியாக இருக்கும் அந்த ஈப்போ ஊர்த் தம்பிக்காக எழுதுகிறேன்.

வீடு திரும்பி ஒரு மாதம் இருக்கும். மருத்துவமனையிலிருந்து அந்தத் தம்பி அழைத்தார். கடந்த 4 வாரங்களில் அப்பா எப்படி இருந்தார் என்று சில கேள்விகள் கேட்க வேண்டுமாம். நெஞ்சுவலி வந்ததா? இல்லை என்றேன். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை எடுத்தாரா? இல்லை என்றேன். “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஐயாவே சொல்லட்டும்” என்றார்.

அப்பாவும் எல்லாவற்றுக்கும் “நல்லா இருக்கேன் தம்பி” என்றுதான் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் எழுதிக்கொண்டு போனை வைத்திருப்பார்கள். அவர் வைக்கவில்லை. “ஐயா, உங்க வீடு எத்தனையாவது மாடி? கடைசியா எப்போ படியேறினீங்க?”

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. “வந்ததிலேருந்து ஏறல.”

எங்கள் வீடு 3ஆம் மாடி. 70 வயதிலும் மின்தூக்கிக்குக் காத்திருக்காமல் ஏறிப் போகிறவர். முட்டிவலி என்று சொன்னதை நாங்கள் நம்பிவிட்டோம். ஏறினால் நெஞ்சு இறுகுமோ என்ற பயத்தில் ஏறுவதையே விட்டிருக்கிறார். ஏறாததால் வலியும் வரவில்லை. அப்புறம் அந்தத் தம்பி, திடீரென்று ஏதாவது ஆகிவிடுமோ என்று எத்தனை முறை நினைக்கிறீர்கள் என்று கேட்டார். “தினம் ராத்திரி” என்றார் அப்பா. பக்கத்து அறையில் படுக்கிற எனக்கு அது தெரியாது.

பிறகு தேடிப் படித்தேன். இப்படிக் கேட்பதற்கென்றே சியாட்டல் ஆஞ்சைனா (இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலி) கேள்வித்தாள் என்று ஒன்று 1995 முதல் இருக்கிறது. ஜான் ஸ்பெர்டஸ் என்ற அமெரிக்க இதய மருத்துவர் உருவாக்கியது. 19 கேள்விகள். நிற்காமல் படியேற முடிகிறதா, மளிகைப் பையைத் தூக்க முடிகிறதா, சாவைப் பற்றிய கவலை வருகிறதா என்றெல்லாம் கேட்டு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுகிறார்கள். ரத்தக்குழாய் திறந்துவிட்டதைப் படம் காட்டிவிடும். அந்த மனிதர் வாழ்க்கைக்குத் திரும்பினாரா என்பதை அவர் வாயால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய இடமோ சின்ன இடமோ, சிகிச்சை பலித்ததா என்பதற்கு இந்தப் பதிலும் ஒரு கணக்கு என்று இப்போது நினைக்கிறேன்.

அப்பா சொன்னது மருத்துவரிடம் போனது. மாத்திரையின் அளவு மாறியது, இதய மறுவாழ்வுப் பயிற்சியிலும் சேர்த்தார்கள். பயப்படாமல் படியேற அங்கே பக்கத்தில் நின்று பழக்குகிறார்கள்.

தம்பி, இனி எந்த மருத்துவர் கேட்டாலும் அப்பாவுக்குப் பதிலாக நான் வாய் திறக்கமாட்டேன். நேற்று அவர் 2ஆம் மாடிவரை ஏறினார். நடுவில் ஒரு தடவை நின்றார். மற்றதை, அடுத்த முறை நீங்கள் அழைக்கும்போது அவரே சொல்வார்.