சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா நிறுவனங்களுக்கு: வன்தட்டின் மேல் எழுதப்படாதவை பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு,

வணக்கம். வீட்டுக் கணினிக்கு ஒரு வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) வாங்க வேண்டும், அது நீண்ட நாள் உழைக்க வேண்டும், படுக்கையறையிலேயே ஓடினாலும் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது, அதற்கு எந்த பிராண்டு நல்லது என்று உறவினரும் நண்பரும் என்னிடம் கேட்பது வழக்கம். கேள்வி எளியது. அதற்கு நேர்மையாக ஒரு விடை சொல்ல முடியாதபடி செய்திருப்பவர்கள் நீங்கள் மூவரும்தான் என்பதால் இம்மடலை உங்களுக்கே எழுதுகிறேன்.

வீட்டுக் கணினிக்கான வன்தட்டு இன்று எந்தக் கடையில் கிடைத்தாலும் அது உங்கள் மூவரில் ஒருவரிடமிருந்து வந்ததாகவே இருக்கும். மாக்ஸ்டார் 2006இல் சீகேட்டுடன் இணைந்தது. புஜித்சுவின் வன்தட்டுத் தொழிலை 2009இல் தோஷிபா வாங்கியது. சாம்சங்கின் பிரிவு 2011இல் சீகேட்டுக்கும், ஹிட்டாச்சியின் பிரிவு 2012இல் வெஸ்டர்ன் டிஜிட்டலுக்கும் கைமாறின. ஹிட்டாச்சி உழைக்கும், சாம்சங் சத்தம் போடாது என்று பழைய ஆட்கள் இன்றும் சொல்கிறார்கள். இரண்டையும் கடையில் கேட்டு வாங்க வழியில்லை. மூன்று பெயர்தான் மிச்சம் என்னும்போது, பெயரைப் பார்த்து வாங்குவது கிட்டத்தட்ட சீட்டுக் குலுக்கிப் போடுவதுதான்.

உண்மையில் தரம் பெயரில் இல்லை, மாடலில் இருக்கிறது. ஐ.பி.எம். நிறுவனத்தின் டெஸ்க்ஸ்டார் வரிசைக்கு இருந்த நற்பெயரை 2000ஆம் ஆண்டில் வந்த 75ஜி.எக்ஸ்.பி. என்னும் ஒரே மாடல் கெடுத்தது. சீகேட்டின் 3 டெராபைட் எஸ்.டி.3000டி.எம்.001 அடிக்கடி பழுதாகிறது என்று பெயரெடுத்து 2016இல் அமெரிக்காவில் வழக்கு வரை போனது. அதே சீகேட்டின் வேறு மாடல்கள் அதே காலத்தில் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடின. இலட்சக்கணக்கான வன்தட்டுகளைத் தன் தரவு மையங்களில் ஓட்டும் பேக்பிளேஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் மாடல்வாரியாகப் பழுதுக் கணக்கை வெளியிட்டு வருகிறது. அதன் மொத்த ஆண்டுப் பழுது விகிதம் 2020இல் 0.93 விழுக்காடு, 2023இல் 1.70 விழுக்காடு. அந்தச் சராசரிக்குள்ளே ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கு இடையிலான வேறுபாடு, இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலான வேறுபாட்டை விடப் பல வேளைகளில் பெரிதாக இருக்கிறது. தரவு மையமும் வீடும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனால் வாங்குபவருக்கு உதவும் கணக்கை ஒரு வாடிக்கையாளர் நிறுவனம் வெளியிடுகிறதே தவிர, தயாரிக்கும் நீங்கள் வெளியிடுவதில்லை.

நீங்கள் தருவது பழுதுக்கு இடைப்பட்ட சராசரி நேரம் என்னும் எண். பத்து இலட்சம் மணி நேரம் என்று அச்சிட்டிருப்பதைப் படிக்கும் சாதாரண மனிதர் அதை 114 ஆண்டு ஆயுள் என்று எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை. ஆயிரம் வன்தட்டுகள் ஓராண்டு ஓடினால் அவற்றில் எட்டு ஒன்பது பழுதாகும் என்பதே அதன் பொருள். அப்படியே எழுதிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

இனி மாடலுக்கு வருவோம், ஏனெனில் அங்கேதான் நீங்கள் எங்களைக் கைவிட்டீர்கள். தரவைப் பதியும் முறைகளுள் ஒன்றான எஸ்.எம்.ஆர். முறையில், தட்டின் மேலுள்ள தரவுத் தடங்கள் கூரை ஓடுகளைப் போல ஒன்றன் விளிம்பின் மேல் ஒன்றாகப் பதியப்படுகின்றன. நடுவில் ஓர் ஓட்டை மாற்ற அடுத்தடுத்த ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டியிருப்பதால், ஓரளவுக்கு மேல் தொடர்ந்து எழுதினால் வேகம் விழுந்துவிடுகிறது. தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாத பழைய சி.எம்.ஆர். முறையில் இந்தச் சிக்கல் இல்லை. படங்களைச் சேமித்து எப்போதாவது பார்ப்பவருக்கு எஸ்.எம்.ஆர். போதும், விலையும் குறையும். அதை நான் குறை கூறவில்லை. ஆனால் 2020 ஏப்ரலில் செய்தியாளர்கள் துருவிக் கேட்ட பிறகுதான், எந்தெந்த மாடலில் இம்முறை இருக்கிறது என்பதை நீங்கள் மூவருமே ஒப்புக்கொண்டீர்கள். வெஸ்டர்ன் டிஜிட்டலின் அப்போதைய 4 டெராபைட் ரெட் வன்தட்டு இரண்டை அருகருகே வைத்துப் பாருங்கள்: அதே சிவப்புச் சீட்டு, அதே கொள்ளளவு, அதே பெயர். ஒன்று டபிள்யூ.டி.40இ.எஃப்.ஆர்.எக்ஸ்., மற்றொன்று டபிள்யூ.டி.40இ.எஃப்.ஏ.எக்ஸ். நடுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அவ்வளவே. முன்னது சி.எம்.ஆர்., பின்னது எஸ்.எம்.ஆர். பல வன்தட்டுகளை ஒன்றாகக் கோத்து வீட்டுச் சேமிப்பகம் வைத்திருந்தவர்கள், பழுதான ஒன்றை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தியபோது அது தொகுப்பில் சேர மறுத்ததைக் கண்ட பிறகே காரணத்தைத் தேடினார்கள். அதன் பின்னர் இணையதளத்தில் பட்டியல் வெளியிட்டீர்கள். கடையில் நின்று கையில் பொருளை வைத்துக்கொண்டிருப்பவருக்கு இணையதளப் பட்டியல் எதற்கு? பொருளின் மேலேயே மூன்றெழுத்து எழுத இடமில்லையா?

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வன்தட்டின் சத்தம் இரண்டு வகை: தட்டு சுழல்வதால் எழும் தொடர்ந்த ரீங்காரம், தரவைப் படித்தெழுதும் எழுதுமுனை இடம் மாறும்போது வரும் கடகடப்பு. நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் தட்டின் அடிப்படை அதிர்வு வினாடிக்கு 120. 5400 சுற்றுக்கு 90. மெல்லிய தகட்டுப் பெட்டியில் நேரடியாகத் திருகாணி வைத்து முடுக்கினால் அந்த அதிர்வு பெட்டி முழுவதற்கும் பரவுகிறது, அதனால்தான் ஒருவர் வீட்டில் சத்தமே இல்லாத மாடல் மற்றொருவர் வீட்டில் இரைகிறது. திருகாணிக்கும் தகட்டுக்கும் இடையே ரப்பர் வளையம் வைத்தால் பாதித் தொல்லை தீரும் என்பதை எங்கள் ஊர்க் கடைக்காரர்களே சொல்லிவிடுவார்கள். நீங்கள் சொல்ல வேண்டியது சுழலும் வேகம். அதிலும் 2020இல் ஒரு விந்தை நடந்தது. '5400 வகுப்பு' என்று குறிக்கப்பட்ட சில வெஸ்டர்ன் டிஜிட்டல் வன்தட்டுகளின் ஒலியைப் பயனர்கள் ஒலிவாங்கியில் பதிந்து அலசியபோது, ஒலி வரைபடத்தில் வினாடிக்கு 120 அதிர்வு என்னும் இடத்தில் மேடு தெரிந்தது. தட்டு 7200 சுற்றில் ஓடியது. 'வகுப்பு' என்பது செயல்திறனைக் குறிக்கிறது, சுழற்சியை அல்ல என்பது நிறுவனம் தந்த விளக்கம். அமைதி வேண்டும் என்பதற்காகவே குறைந்த வேகத்தைத் தேடி வாங்குபவருக்கு அந்த விளக்கத்தால் ஒரு பயனும் இல்லை.

அமைதியாகச் செய்ய உங்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தட்டு சுழலும் அச்சில் குண்டுத் தாங்கிகளுக்கு (பால் பேரிங்) பதிலாகத் திரவத் தாங்கியுடன் 2001இல் சீகேட் கொண்டுவந்த பாரகுடா ஏ.டி.ஏ. 4, இருக்கிறதா இல்லையா என்று காது வைத்துக் கேட்க வேண்டிய அளவுக்கு அமைதியானது என்று பெயர் பெற்றது. எழுதுமுனையின் வேகத்தைக் குறைத்துச் சத்தத்தைத் தணிக்கும் கட்டளை ஒன்றும் பழைய வன்தட்டுகளில் இருந்தது. பின்னர் வந்தவற்றில் அது கைவிடப்பட்டுவிட்டது. அதைத் திரும்பத் தர இயலாதா என்று ஆராயுங்கள். இப்போதைய பெரிய கொள்ளளவு மாடல்கள் சிலவற்றில் ஐந்து வினாடிக்கு ஒருமுறை 'டக்' என்று கேட்கிறது. தட்டின் மேலுள்ள மசகு ஒரே இடத்தில் தேயாமல் இருக்க எழுதுமுனை அசைந்துகொடுப்பதால் வரும் இயல்பான ஓசை அது. வாங்கியவரோ வன்தட்டு சாகப் போகிறது என்று பதறி அன்றிரவே எல்லாவற்றையும் படியெடுக்க உட்காருகிறார். (படியெடுப்பது நல்லதுதான், அது வேறு.)

ஒலி அளவை ஒருவர் டெசிபலிலும் மற்றொருவர் பெல்லிலும் கொடுக்கிறீர்கள். ஒரு பெல் பத்து டெசிபல் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அளக்கும் முறைக்கு ஐ.எஸ்.ஓ. 7779 என்னும் பொதுத் தரம் இருக்கிறது. அதன்படி, சும்மா சுழலும்போது எவ்வளவு, எழுதுமுனை தரவைத் தேடும்போது எவ்வளவு என்று மூவரும் ஒரே அலகில் தாருங்கள். சத்தமே ஆகாது என்றால் சுழலும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம்தான். நாலைந்து டெராபைட் குடும்பப் படங்களை வைக்க அந்த விலை எல்லாராலும் முடியாது.

இன்னொரு முக்கியமான செய்தியைத் தரவுத்தாளின் அடியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். வீட்டுக் கணினிக்கான சீகேட் பாரகுடா ஆண்டுக்கு 2400 மணி நேர ஓட்டத்துக்கும் 55 டெராபைட் தரவைப் படித்தெழுதும் வேலைக்கும் மட்டுமே வகுக்கப்பட்டது. நாளுக்குப் பிரித்தால் ஆறரை மணி நேரம். வீட்டிலிருந்தே அலுவலகப் பணி செய்யும் ஒருவரின் கணினி பத்து மணி நேரம் சாதாரணமாக ஓடுகிறது. அதே நிறுவனத்தின் அயர்ன்வுல்ஃப் ஆண்டு முழுவதும் ஓட வகுக்கப்பட்டது, உத்தரவாதமும் இரண்டுக்குப் பதில் மூன்று ஆண்டு. பிராண்டு எது என்று கேட்கும் நண்பருக்கு நான் இப்போது சொல்வது இவ்வளவுதான்: நாள் முழுக்க ஓடுமா, எவ்வளவு எழுதுவீர்கள் என்று முதலில் சொல்லுங்கள், பிறகு மாடல் எண்ணைப் பார்த்து, பதிவு முறையையும் வேகத்தையும் தேடிப் பிடித்து, உத்தரவாத ஆண்டை ஒப்பிட்டு வாங்குங்கள். ஒரு வன்தட்டு வாங்க இத்தனை துப்பறியும் வேலை வேண்டியதில்லை.

2025இன் தொடக்கத்தில் ஜெர்மனியில் தெரிய வந்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏற்கெனவே ஓடித் தேய்ந்த சீகேட் வன்தட்டுகள், ஓடிய மணிக் கணக்கு பூச்சியமாக்கப்பட்டுப் புதியவையாக விற்கப்பட்டன. உள்ளே வேறொரு பதிவேட்டில் இருந்த எண்தான் காட்டிக்கொடுத்தது. அந்தப் பதிவேட்டைப் படிக்கும் எளிய கருவியை மூவரும் எல்லா மாடலுக்கும் இலவசமாகத் தர வேண்டும்.

இந்தியாவில் விற்கப்படும் பொட்டலப் பொருள்களின் மேல் இறக்குமதியாளர் பெயர், மாதம், ஆண்டு, அதிகபட்சச் சில்லறை விலை ஆகியவை 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளின்படி இருந்தாக வேண்டும். அதற்காக உங்கள் இறக்குமதியாளர்கள் உறையின் மேல் தனிச்சீட்டு அச்சடித்து ஒட்டத்தான் செய்கிறார்கள். பதிவு முறை, உண்மையான சுழற்சி வேகம், இரண்டு ஒலி அளவுகள், ஆண்டுக்கு எத்தனை மணி நேரம், எத்தனை டெராபைட் என்னும் விவரங்களுக்கு அதே சீட்டில் இன்னும் மூன்று வரி போதும். அடுத்த முறை சீட்டு அச்சிடும்போது அவற்றைச் சேர்க்கும்படி இங்குள்ள உங்கள் அலுவலகங்களுக்கு எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டுக் கணினிக்கு வன்தட்டு வாங்கும் ஒருவர்